பதினேழாம் எண் பள்ளியின் பத்து உறைகள்

நகரத்தில் அரசுப் பள்ளிகள் மொத்தம் நாற்பத்தொன்று. அதில் பதினேழாம் எண் பள்ளியை வேலைமெனக்கெட்டுத் தேடிப் போனவர்கள் யாரும் இல்லை. ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் பேருந்துப் பணிமனை, நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு மூன்று மாடிக் கட்டடம். மைதானம் கிடையாது. மைதானம் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தரைத்தளத்தில் ஒரு நீள வராந்தா உண்டு. பாதி தூரம் நேராகப் போய், அப்புறம் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் அலுவலக அறை. அதன் கதவு உள்பக்கம் திறக்காமல் வராந்தாவைப் பார்த்து வெளியே திறக்கும். எந்தப் புண்ணியவான் அப்படி மாட்டிவிட்டுப் போனானோ, கட்டின நாளிலிருந்து எத்தனையோ நெற்றிகள் அதில் புடைத்திருக்கின்றன.

அந்த அறைக்குள் பதினோரு வருடமாக ஆட்சி செய்பவள் ஆபீஸ் அக்கா. பள்ளியின் ஒரே எழுத்தர். பிள்ளைகளும் அக்கா என்பார்கள், பிள்ளைகளைப் பெற்றவர்களும் அக்கா என்பார்கள், வயதில் மூத்த தலைமை ஆசிரியைகூட மறந்துபோய் ஓரிரு தடவை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். கைசுத்தம், வேலைசுத்தம், கோப்புகள் கண்ணாடி மாதிரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயும் இல்லாவிட்டால் அறுநூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே ஒரு மனுஷி எப்படித்தான் கூட்டிக் கழித்துக் கணக்கு எழுதுவது?

மாதா மாதம் இருபத்தைந்தாம் தேதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு படிவம் போகவேண்டும். 'இம்மாதம் மாணவர்கள் பெற்ற சாதனைகள்' என்று மேலே அச்சடித்திருக்கும். சாதனை எதுவும் இல்லையென்றால் சும்மா இருந்துவிட முடியாது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். ஒன்றுமில்லை என்பதற்கும் ஒரு காகிதம் கேட்பது அலுவலகங்களின் பிறவிக்குணம்.

ஆபீஸ் அக்கா வேலைக்குச் சேர்ந்த வருடம் மாதாமாதம் 'இல்லை' எழுதினாள். இரண்டாவது வருடம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளி திறந்த முதல் வாரமே பத்து மாதத்துக்கும் பத்து 'இல்லை' தட்டச்சு செய்தாள். தலைமை ஆசிரியையிடம் நீட்டினாள். அவர் பாடநூல் பட்டியலுக்கு நடுவே பத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்து உறை, பத்து விலாசம், மூலையில் பென்சிலால் ஒன்று முதல் பத்துவரை எண். ஒரு கிளிப்பில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டுவிட்டால் தீர்ந்தது. இருபத்தைந்தாம் தேதி தபால் கொண்டுபோகிற அம்மாள் யாரையும் கேட்காமல் மேலே இருக்கிற உறையை உருவிக்கொண்டு போய்விடுவாள். இந்த ஏற்பாட்டில் ஆபீஸ் அக்காவுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. மற்றப் பள்ளிகளின் அறிக்கை தாமதமாகும், பதினேழாம் எண் பள்ளியின் அறிக்கை ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை.

வீட்டில்தான் இடித்துக்காட்ட ஆள் இருந்தது. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர், வாய் திறப்பதே அபூர்வம். ஆனால் மாடியில் குடியிருக்கும் நாத்தனாரின் மகன் மூன்றாம் எண் பள்ளியில் படித்தான். மாவட்டம் மாதாமாதம் நாலு பக்கத்தில் ஒரு பள்ளிச் செய்தித்தாள் போடும். அதில் மூன்றாம் எண் பள்ளி இல்லாத பக்கமே கிடையாது. வினாடி வினா, சேர்ந்திசை, ரோபோ என்று ஏதாவது ஒன்று. நாத்தனார் அதைப் படித்துவிட்டு மடித்து, போகிறபோக்கில் கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவாள். உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறதா, மூடிவிட்டார்களா அண்ணி என்று ஒருதரம் கேட்டேவிட்டாள்.  ஆபீஸ் அக்காவிடம் பதில் இல்லாமல் இல்லை, சொன்னால் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு நின்றுபோகும்.

இந்த வருடம் அவளுக்குப் பெரிய தலைவலி நாலு பெண்கள். எட்டாம் வகுப்பு. சாயங்காலம் மணி அடித்ததும் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட ஆரம்பித்துவிடுவார்கள். தொடர் ஓட்டமாம். உடற்பயிற்சி ஆசிரியர் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, இங்கே கொடு, அங்கே வாங்கு என்று கத்துவார். ஆபீஸ் அக்காவுக்கு அவர்களின் பெயர் தெரியாது. முதலில் ஓடுகிறவள் நெட்டச்சி. இரண்டாவது ஓடுகிறவள் ரெட்டைச் சடை. கடைசியில் ஓடுகிறவள் வாயாடி, ஓடும்போதும் பேசிக்கொண்டே ஓடுவாள். மூன்றாவது ஓடுகிறவள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. அவளுக்கு இவள் வைத்த பெயர் பூனை. திருப்பத்தில் ஓடுகிறவள் அவள்தான். அலுவலகக் கதவுக்கு நேரே.

ஒவ்வொரு சாயங்காலமும் தடதடவென்று சத்தம் கேட்டதும் ஆபீஸ் அக்கா கதவைப் படாரென்று திறப்பாள். 'இது என்ன வராந்தாவா, ரயில்வே லைனா' என்பாள். பூனை ஒரு எட்டு ஒதுங்கி, கையில் இருப்பதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கதவின் விளிம்பைத் தொடாமல் போய்க்கொண்டே இருப்பாள். ஒரு நாளும் மோதியதில்லை. ஒரு நாளும் நின்றதும் இல்லை. நின்று திட்டு வாங்கிக்கொள்ளாததுதான் ஆபீஸ் அக்காவுக்கு ஆத்திரம். தலைமை ஆசிரியையிடம் இரண்டு தடவை எழுத்து மூலம் புகார் கொடுத்தாள். அதே சமயம் தான் கோடு போடும் உருட்டு ரூல்தடி காணாமல் போய்விட்டது என்றும் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாள்.

நாலாவது மாதம் நகர விளையாட்டுப் போட்டி நடந்தது. பெரிய பள்ளிகளின் பிள்ளைகள் ஆணிச்செருப்போடு வந்தார்களாம். இவர்கள் பள்ளிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்களாம். மூன்றாவதாகப் பூனை ஓடும்போது, வளைவில், பக்கத்துத் தடத்துக்காரி தடுமாறி அவள் தடத்துக்குள் வந்து விழுந்தாள். பூனை ஒரு எட்டு ஒதுங்கினாள், கோலை இடக்கைக்கு மாற்றினாள், வேகம் ஒரு இம்மிகூடக் குறையாமல் போய் வாயாடியிடம் கொடுத்தாள். வாயாடி அன்றைக்கு ஒருநாள்தான் பேசாமல் ஓடினாள். நகரத்திலேயே முதல் இடம்.

மறுநாள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் வராந்தாவில் ஆட்டம் போட்டபோது ஆபீஸ் அக்கா கதவைத் திறந்து சத்தம் போட்டாள். விஷயம் தெரிந்ததும் சரி சரி, நல்லது, மெதுவாகப் போங்கள் என்றாள். பிறகு உள்ளே போய்ப் பாடநூல் கணக்கைத் தொடர்ந்தாள். சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோப்பைக்கும் ஆணியில் தொங்கிய உறைக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று அவள் மண்டையில் உறைக்கவே இல்லை. அந்தப் படிவத்தில் வருகிற சாதனை என்பது மற்றப் பள்ளிகளின் சமாசாரம் என்று பதினோரு வருடமாக அவள் மனசில் படிந்து போயிருந்தது. இருபத்தைந்தாம் தேதி தபால்கார அம்மாள் வந்தாள், மேலே இருந்த நாலாம் எண் உறையை உருவினாள், போனாள்.

அடுத்த மாதம் மாவட்டப் பள்ளிகளின் ஆண்டு விழா. ஊர்மண்டபத்தில் நாள் முழுக்க நடக்கும். வாசலில் கண் பரிசோதனை, நூலக வண்டி, பிள்ளைகள் செய்த அறிவியல் மாதிரிகள். உள்ளே மேடையில் அந்த வருடம் சாதித்த பிள்ளைகளைப் பள்ளிவாரியாகக் கூப்பிட்டு நகரத்தின் முன்னால் நிறுத்துவார்கள். பெற்றவர்களுக்கு முன்வரிசை. விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அலுவலக ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கையெல்லாம் சலவைச் சோடா பட்டு வெளிறிப்போயிருந்தது. பூனையின் அம்மா.

"அக்கா, விழாவுல எங்க புள்ளைங்கள எத்தன மணிக்குக் கூப்புடுவாங்க? ஷிப்ட் மாத்தி வாங்கிட்டேன். வேற ஒருத்திக்கு ரெண்டு ராத்திரி பாத்துக் குடுக்கணும், பரவால்ல. நேரம் மட்டும் தெரிஞ்சா நல்லாருக்கும்."

ஆபீஸ் அக்கா அன்று காலை வந்த விழா நிகழ்ச்சி நிரலை எடுத்து விரித்தாள். ஆறாம் பக்கம், பள்ளிவாரிப் பட்டியல். பன்னிரண்டு, பதிமூன்று, பதினாறு. அடுத்தது பத்தொன்பது. விரலை வைத்துத் திரும்பவும் மேலிருந்து வந்தாள். பதினாறுக்கு அடுத்தது பத்தொன்பதுதான். அவள் கண் தானாகச் சுவர்ப்பக்கம் போனது. ஆணியில் ஆறு உறைகள், மேலே இருந்ததில் பென்சிலால் ஐந்து. கோப்பை வாங்கிய மாதத்து உறை 'இல்லை' என்று போயே போய்விட்டிருந்தது.

கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அந்த அம்மாள் நம்பிப் போனாள். அந்த நம்பிக்கைதான் ஆபீஸ் அக்காவை அறுத்தது. திட்டியிருந்தால்கூட ஒரு வார்த்தை பதில் பேசியிருப்பாள்.

உடனே மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். உங்கள் பள்ளியிலிருந்து இல்லை என்று எழுத்து மூலம் வந்திருக்கிறதே என்றது எதிர்க்குரல். திருத்த வேண்டுமானால் தவறு எப்படி நடந்தது என்று எழுதி, தலைமை ஆசிரியை கையெழுத்தோடு நேரில் கொண்டுவர வேண்டும், அதுவும் நாளைக்குள்.

எப்படி நடந்தது என்று எழுதுவதில்தான் சிக்கல். தபாலில் தவறிவிட்டது என்று எழுதலாம். தட்டச்சுப் பிழை என்று எழுதலாம். பொய் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதற்கு மேல் விசாரணை, பதில், மறுபதில் என்று விழா முடிந்துவிடும். உண்மையை எழுதினால் ஒரே நாளில் முடியும். ஆனால் மாணவர்கள் ஒன்றும் சாதிக்கமாட்டார்கள் என்று பத்து மாதத்துக்கு முன்கூட்டியே சான்று எழுதிவைத்தோம் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்? தலைமை ஆசிரியை இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறுகிறவர். முப்பத்து நாலு வருடம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவர்.

ஆபீஸ் அக்கா இரண்டு கடிதம் தட்டச்சு செய்தாள். ஒன்று பொய், ஒன்று உண்மை. உண்மைக் கடிதத்தில் பிள்ளைகளின் முழுப்பெயர் போடவேண்டி வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. மாதக்கணக்கில் தினமும் திட்டிய நாலு பேரின் பெயரும் அவளுக்குத் தெரியாது. உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஓடும் வரிசைப்படி பெயர் கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி முழுப்பெயரைக் கண்டுபிடித்தாள். அதில் இருந்தது அவள் எழுதிய எழுத்துத்தான், ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் கையாலேயே எழுதியது. வெட்கமாக இருந்தது.

தலைமை ஆசிரியை இரண்டையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்தார். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், நானே உங்களுக்குத் தெரியாமல் அனுப்பினேன் என்று மாற்றி எழுதித் தருகிறேன் என்றாள் ஆபீஸ் அக்கா.

"எதுக்கு? பத்துத்தாள்லயும் என் கையெழுத்துதானே இருக்கு. அதுல ஒன்னைக்கூட நான் படிச்சுப் பாக்கல. நீயாவது தட்டச்சு பண்ணினே. நான் அதுகூடப் பண்ணல."

பொய்க்கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு உண்மைக் கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டார். பிறகு யோசித்து, தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: 'இதற்கு நானே பொறுப்பு. பிள்ளைகளைக் கூப்பிடவும்.'

மறுநாள் காலை ஆபீஸ் அக்கா மாவட்ட அலுவலகத்தில் இருந்தாள். சாதனைப் பிரிவைப் பார்க்கிறவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிற ஜாதி மனிதர். கடிதத்தை வாங்கினார், உதட்டைப் பிதுக்கினார். நிரல் முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது, இனி கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான், அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்றாள் இவள். அது என் கையில் இல்லை அம்மா என்றார் அவர்.

ஆபீஸ் அக்கா மேசையைவிட்டு நகரவில்லை. எழுத்தர் கண், சும்மா நிற்கும்போதும் எதிரில் இருக்கிற பதிவேட்டைத் தலைகீழாகப் படிக்கும். நாற்பத்தொரு பள்ளிக்கும் ஆளுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். மற்றப் பள்ளிகளுக்கு நாலு கட்டம் நிரம்பியிருந்தது, மீதி ஆறு காலி. பதினேழாம் வரியில் மட்டும் பத்துக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய பத்து 'இல்லை'.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, நம் ஜாதிக்காரன் ஒருத்தன் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறானே என்று. அடுத்த நிமிஷம் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நம் பிள்ளைகளை நாம் சொல்வது வேறு. இவர் யார் சொல்வதற்கு? அப்படி நினைத்தபிறகுதான், நாம் மட்டும் யார் சொல்வதற்கு என்கிற கேள்வி அவளுக்கே வந்தது. பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், நானும் ஒரு எழுத்தர்தான். பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கே பத்து எழுதினேன், தப்பு. அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். இங்க நீங்களும் பத்து எழுதியிருக்கீங்க. எங்க உறை வராமலே எழுதியிருக்கீங்க. நான் சரியா அனுப்பியிருந்தாலும் நீங்க உறையைப் பிரிச்சிருக்க மாட்டீங்க. அந்தப் புள்ளைங்க ஓடறதுக்கு முன்னாடியே நாம ரெண்டு பேரும் சேந்து தோக்கடிச்சிட்டோம் சார்."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நல்ல மனிதர்தான், சோம்பேறித்தனம் வேறு, நெஞ்சில் ஈரம் இல்லாமை வேறு. எழுந்து, கடிதத்தோடு பதிவேட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கல்வி அதிகாரியின் அறைக்குள் போனார். பதிவேட்டையும் கொண்டுபோனாரே, அதற்காகவே அவரை மன்னிக்கலாம்.

கல்வி அதிகாரி கண்டிப்பான அம்மாள். இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் நிற்கவைத்தே பேசினார். இரண்டு பேருக்கும் குறிப்பாணை தனியாக வரும், விளக்கம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, நிரலில் ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்புங்கள், முந்நூறிலும் இருக்கவேண்டும், பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் என்றார். அறிவிப்பாளரின் உரையை இனி மாற்ற முடியாது, அந்தப் பள்ளியைப் பள்ளியிலிருந்தே யாராவது வந்து அறிவிக்கட்டும். ஆபீஸ் அக்கா கும்பிடாத குறையாக வெளியே வந்தாள்.

அன்று மத்தியானம் முழுக்க இரண்டு எழுத்தர்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டினார்கள். அவர் வெட்ட, இவள் பசை தடவி ஒட்ட. சீட்டு இரண்டு விரல் அகலம். பள்ளி எண், போட்டி, இடம், நாலு பெயர். ஒவ்வொன்றையும் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒருதரம் படிக்கவேண்டும். ஐம்பது ஒட்டியபோது அவளுக்கு முதல் எழுத்துகள் தெரிந்தன. நூறு ஒட்டியபோது நெட்டச்சி யார், ரெட்டைச் சடை யார் என்று பெயரோடு முகம் ஒட்டிக்கொண்டது. முந்நூறாவதை அவள் படிக்கவே இல்லை, உதடு தானாகச் சொன்னது. நடுவில் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அது சமாதான டீ என்று இருவருக்கும் தெரியும்.

யார் அறிவிப்பது என்ற பேச்சு வந்தபோது தலைமை ஆசிரியை ஆபீஸ் அக்காவைக் காட்டிவிட்டார். எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை என்று அவள் எவ்வளவோ மன்றாடினாள். மைக் இல்லாமலே வராந்தாவின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கிறதே, மைக் உங்களைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தால் சரி என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

விழா நாளன்று ஊர்மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் கண் பரிசோதனைக்கு வரிசை. எட்டாம் எண் பள்ளியின் ரோபோ போகிறவர் காலையெல்லாம் இடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் எண் பள்ளியின் சேர்ந்திசைக் குழு ஒரே நிறத்தில் வரிசையாக நின்றது, அதில் நாத்தனாரின் மகனும் இருந்தான், நாத்தனார் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சலவைக்கூட அம்மாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, வெளிறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிரலின் ஒட்டுச்சீட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வீட்டுக்காரர் இரண்டு சவாரிக்கு நடுவே, சீருடையோடு, பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

பதினாறாம் பள்ளி முடிந்தது. அறிவிப்பாளர் நகர்ந்துகொண்டார். ஆபீஸ் அக்கா மேடையேறினாள். வலக்கையில் சீட்டு வியர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் கலங்கிப்போயிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"பதினேழாம் எண் பள்ளி," என்றாள். பதினோரு வருடத்தில் அந்த மண்டபத்தில் அந்த எண் ஒலிப்பது அதுதான் முதல் தடவை.  பிறகு நகரப் போட்டி, பெண்கள் தொடர் ஓட்டம், முதல் இடம் என்றாள். நாலு பெயரையும், முதலெழுத்தோடு, ஒவ்வொருவரும் மேடையேறி வந்து நிற்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மூன்றாவது பெயரைச் சொன்னபோது சலவைக்கூட அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கைதட்ட அவளுக்குத் தோன்றவில்லை, இரண்டு கையும் வாயை மூடிக்கொண்டிருந்தன.

கல்வி அதிகாரி கோப்பையைக் கொடுத்துவிட்டு, உங்கள் பள்ளியில் மைதானமே கிடையாதே, எங்கே ஓடிப் பழகினீர்கள் என்று கேட்டார். வாயாடிதானே பதில் சொல்லவேண்டும்? மேடையைப் பார்த்ததும் வாயாடிக்கு வாய் அடைத்துப்போயிருந்தது.  பூனை மைக்கை வாங்கினாள். அவள் குரலை அன்றுதான் ஆபீஸ் அக்கா முதன்முதலாகக் கேட்டாள், கணீரென்ற குரல்.

"வராந்தாவுல மேடம். திரும்புற எடத்துல ஆபீஸ் கதவு இருக்கு. அக்கா எப்பத் தொறப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால எப்பவும் தயாரா இருப்போம். அன்னிக்கு பக்கத்துல ஓடுனவங்க விழுந்தப்ப, எனக்குக் கதவு தொறந்த மாதிரிதான் இருந்துச்சு."

மண்டபம் சிரித்தது, பிறகு தட்டியது, நிற்காமல் தட்டியது. ஆபீஸ் அக்காவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திட்டியவளுக்கு இவ்வளவு கைதட்டலா என்று கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பெருமை வந்து கூச்சத்தை ஓரம்கட்டியது. அழுகையும் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். இவர்கள் என் பிள்ளைகள் என்று அவள் நினைத்தாள். பதினோரு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்திருந்து, அப்படி நினைத்தது அன்றுதான். பின்சுவரில் சாய்ந்திருந்த ஓட்டுநர் சாய்வதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் அது எங்கள் வீட்டம்மா என்றார். முன்வரிசையில் நாத்தனாரும் தட்டினாள், மனசாரத்தான் தட்டினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கீழே இறங்கியதும் ரெட்டைச் சடை தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினாள். உருட்டு ரூல்தடி. கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்றிருந்தது. பள்ளியில் கோல் வாங்கித்தர வழியில்லாததால் இதைத்தான் இத்தனை மாதமும் கைமாற்றி ஓடியிருக்கிறார்கள். ஆபீஸ் அக்கா அதைக் கையில் வாங்கி எடைபார்த்துவிட்டு, திருப்பி அவளிடமே கொடுத்தாள். கோடு போட அடிக்கோல் போதும் என்றாள்.

குறிப்பாணை அடுத்த வாரமே வந்தது. விளக்கம் எழுதினாள், தலைமை ஆசிரியையும் எழுதினார், எச்சரிக்கையோடு முடிந்தது. மீதியிருந்த ஆறு உறைகளையும் ஆணியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். 'இல்லை' எழுதிய பக்கங்களின் மேல் குறுக்கே கோடு அடித்து, பின்பக்கம் எழுதிக்கொள்ளட்டும் என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் கொடுத்தாள். அவர் அதில் நாலு பேரின் ஓட்ட நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தார். மாநிலப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. தபால்கார அம்மாள் காலையிலேயே வந்து ஆணியைப் பார்த்தாள், ஆணி காலியாக இருந்தது. சாயங்காலம் வா என்றாள் ஆபீஸ் அக்கா. வெற்றுப் படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்த்தாள். மத்தியானம் ஒவ்வொரு மாடியாக ஏறி, வகுப்பு வகுப்பாகப் போய், இந்த மாதம் யாராவது ஏதாவது ஜெயித்தீர்களா என்று வாசலில் நின்று கேட்டாள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி பல் விழுந்ததைக் காட்டினாள். அந்த மாதம் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேனாவை எடுத்து, தன் கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதினாள். பதினோரு வருடத்தில் அவள் விசாரித்து எழுதிய முதல் 'இல்லை' அது.

உறையை ஒட்டும்போது கதவை யாரோ தட்டினார்கள். பூனையின் குரல்.

"அக்கா, நாங்க ஓட ஆரம்பிக்கிறோம். எப்பத் தொறப்பீங்கன்னு சொல்லிடாதீங்க."

ஆபீஸ் அக்கா உறையை மேசையில் வைத்தாள். எழுந்துபோய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வராந்தாவின் கோடியிலிருந்து தடதடவென்று சத்தம் கிளம்பி நெருங்கிக்கொண்டே வந்தது.